கட்டாயத்தில் பிறந்த தோழமை

எவர்க்வெஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு 1999 மார்ச் 16-ஆம் தேதி அமெரிக்காவில் வெளிவந்தது. மாதச் சந்தா கட்டி, நோராத் என்ற கற்பனை உலகில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உலவினார்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களைப் பேசவிட்டால், எந்த டிராகனைக் கொன்றோம் என்பதைவிட யாரோடு சேர்ந்து கொன்றோம் என்பதையே அதிகம் சொல்வார்கள். கடைசியில் ‘இப்போதைய விளையாட்டுகளில் அந்த மனிதர்கள் இல்லை’ என்று ஒரு பெருமூச்சு வரும். இதை வெறும் இளமைக்கால ஏக்கம் என்று தள்ளிவிடவும் கூடாது, சொன்னபடியே ஏற்கவும் கூடாது. அந்த ஏக்கத்தில் முக்கியமான ஓர் உண்மை இருக்கிறது. அதை ஒட்டியே பெரிய மறதியும் இருக்கிறது.

முதலில் உண்மை. எவர்க்வெஸ்ட்டில் தோழமை என்பது ஆட்டக்காரர்களின் நல்ல குணத்தால் மட்டும் வந்ததல்ல. விளையாட்டின் விதிகளே அதை விளைவித்தன. மரணத்தை எடுத்துக்கொள்வோம். கேரக்டர் இறந்தால் உடல் விழுந்த இடத்திலேயே கிடக்கும்; வாள், கவசம், பை, காசு எல்லாம் அதோடு கிடக்கும். ஆட்டக்காரர் வெகு தொலைவில் வெறுங்கையோடு உயிர்த்தெழுவார். எங்கே உயிர்த்தெழுவது என்பதைக்கூடப் போர்வீரன் தானாக மாற்றிக்கொள்ள முடியாது. மந்திரம் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். உடலை எடுக்கப் போகும் வழியில், கொன்ற அதே அரக்கர்கள் நிற்பார்கள். அப்போது துறவி வகைக் கேரக்டர் ஒருவர் உதவிக்கு வருவார். செத்ததுபோல் விழுந்து கிடந்து அரக்கர்களை ஏமாற்றி, உடலைப் பத்திரமான மூலைக்கு இழுத்து வருவார். அப்படி இழுப்பதற்கு உடலின் சொந்தக்காரர் அனுமதி தர வேண்டும். பிறகு கிளெரிக் வகைக் கேரக்டர் ஒருவர் உயிர்ப்பு மந்திரம் போட்டால், இழந்த அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஒரு சாவுக்கு முன்பின் தெரியாத இரண்டு பேரின் உதவி தேவைப்பட்டது. அப்படி உதவியவரின் பெயர் மறக்குமா?

காத்திருப்பும் அப்படித்தான். சண்டை முடிந்ததும் மந்திர சக்தி மீண்டும் ஊறும்வரை ஆறு பேர் கொண்ட குழு உட்கார்ந்தே இருக்கும். அந்த நிமிடங்களில் செய்வதற்கு வேறெதுவும் இல்லை. அதனால் பேசினார்கள். வேலை, படிப்பு, குழந்தை, விவாகரத்து என்று பேச்சு எங்கெங்கோ போனது. வியாபாரமும் பேச்சாலேயே நடந்தது. பல சர்வர்களில், அதாவது அந்த உலகின் தனித்தனிப் பிரதிகளில், ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் பகுதியிலிருந்த சுரங்கப்பாதை ஒன்று, எவரும் திட்டமிடாமலே சந்தையாகிவிட்டது. விற்பவர்கள் பொருளின் பெயரைக் கூவுவார்கள், வாங்குபவர்கள் நேரில் வந்து பேரம் பேசுவார்கள்.

இவற்றோடு சேர்ந்து நின்றது நற்பெயர். சர்வரில் முகங்கள் மாறுவதில்லை. விழுந்த அரக்கனின் உடலிலிருந்து குழுவில் யார் வேண்டுமானாலும் பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே யார் எடுக்க வேண்டும் என்பது நம்பிக்கையின் பாற்பட்டது. ஒருமுறை சுருட்டிக்கொண்டவனை அடுத்த வாரம் எந்தக் குழுவும் சேர்க்காது. நாணயத்துக்கு மதிப்பும் நாணயக்கேட்டுக்கு விலையும் இருந்த சமூகம் அது. அதை இழந்ததாக வருந்துபவர்கள் கற்பனை எதையும் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சமூகம் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்ற கணக்கும் உண்டு. போர்வீரன் போன்ற கேரக்டர்களால் தனியாக ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது. குழு கிடைக்காத மாலை வீணான மாலைதான். பெரிய டிராகன்கள் சர்வருக்கு ஒன்றுதான். கொன்றால் மறுபடி வர நாள்கணக்கில் ஆகும். கில்ட்கள் எனப்படும் ஆட்டக்காரர் சங்கங்களில் பெரியவை ஆள்வைத்துக் காவல் காத்தன. டிராகன் தோன்றியதும் நள்ளிரவில் ஃபோன் போட்டு உறுப்பினர்களை எழுப்பின. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவருக்கு அதில் இடமில்லை. கைக்குழந்தை வைத்திருந்தவருக்கும் இல்லை. ஆட்டத்துக்கு ‘எவர்க்ராக்’ என்று போதைப்பொருளின் பெயரை ஒட்டவைத்து ஆட்டக்காரர்களே அழைத்தார்கள். ஆட்டத்திடம் துணையைப் பறிகொடுத்தவர்கள் தங்களை ‘எவர்க்வெஸ்ட் விதவைகள்’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஏக்கம் மறப்பது இந்தக் கணக்கைத்தான். குழு கிடைக்காமல் உட்கார்ந்திருந்து அலுத்துப்போனவர், சில மாதங்களில் சந்தாவை நிறுத்திவிட்டுப் போனார். அவர் இன்று நினைவுக் குறிப்பு எழுதுவதில்லை. எழுதுபவர்கள் எல்லாரும் கடைசிவரை தங்கியவர்கள். தங்க முடிந்தவர்களின் நினைவை வைத்து அங்கே எல்லாருக்கும் நட்பு கிடைத்தது என்று முடிவு கட்டுவது சரியல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய வழக்கங்களைக் குலைத்தது பிற்காலத்து வணிகப் புத்தி என்பது பரவலான குற்றச்சாட்டு. காலவரிசை அதற்கு முழுதாக ஒத்துவரவில்லை. 2001 டிசம்பரில் வந்த விரிவாக்கமே, கேரக்டரைக் கடைக்காரராக நிறுத்திவிட்டுப் போகும் பஜாரை எவர்க்வெஸ்ட்டுக்குள் கொண்டுவந்தது. சுரங்கப்பாதைச் சந்தை ஓய்ந்தது. 2002-இல் வந்த விரிவாக்கம் ஊர்விட்டு ஊர் தாவும் வாசல்களைத் திறந்தது. இடம் மாற்றிவிடும் மந்திரவாதிகளின் தயவு பெரும்பாலும் தேவையற்றுப்போனது. பேரம் பேசவும் பயணம் போகக் கப்பலுக்குக் காத்திருக்கவும் அலுத்துப்போன ஆட்டக்காரர்களே இவற்றை விரும்பிப் பயன்படுத்தினார்கள்.

2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு இந்த வசதிகளை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. அதில் தனியாகவே உச்ச லெவலை எட்டலாம். 2009 டிசம்பரில் தானியங்கிக் குழுத் தேடல் வந்தது. பட்டனை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்து நேராகக் குகைக்குள் இறக்கிவிடும். வேலை முடிந்ததும் ஐவரும் பிரிந்துவிடுவார்கள். மறுபடி சந்திக்க வாய்ப்பில்லை என்பதால் நல்லவனாக இருந்து பயனில்லை, கெட்டவனாக இருந்தும் நட்டமில்லை. சமூகத்தைக் கொன்றது இந்தப் பட்டன்தான் என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நற்பெயரின் வேரை அது அறுத்தது.

ஆனால் அதற்கு முன் எல்லாரும் ஒன்றுகூடி வாழ்ந்த காலமா? 2006-இல் நிக்கோலா டுஷெனோ, நிக் யீ உள்ளிட்ட ஆய்வாளர்கள் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களின் நடமாட்டத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மற்றவர்கள் நடுவே இருந்தபடியே பலரும் தனியாகத்தான் ஆடினார்கள், மற்றவர்கள் அவர்களுக்குப் பார்வையாளர்களாகவும் பின்னணியாகவும் இருந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. அந்தப் பட்டன் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நிலை இது. இன்று பொற்காலம் என்று கொண்டாடப்படுவது அதே காலம்தான்.

இந்த ஏக்கத்தை நேரடியாகச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு அமைந்தது. வார்கிராஃப்ட்டின் ஆரம்பகால வடிவத்தை 2019 ஆகஸ்டில் அதை உருவாக்கிய பிளிஸார்டு நிறுவனமே ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்ப வெளியிட்டது. முதல் நாட்களில் அழகான காட்சி ஒன்றைப் பார்க்க முடிந்தது. ஒரே ஓர் எதிரியைக் கொல்ல வேண்டிய இடத்தில், யாரும் சொல்லாமலே ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் கொன்றுவிட்டு அடுத்தவருக்கு வழிவிட்டார்கள். ஏங்கியவர்கள் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

அது நீடிக்கவில்லை. மூல வடிவத்தில் மாதக்கணக்கில் திணறவைத்த மோல்டன் கோர் குகையை ஒரு கில்ட் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டது. ஊருக்குள் கிடைக்கும் தற்காலிக வலிமைகளைச் சேர்த்துக்கொண்டு, அவை காலாவதியாகாமல் இருக்க, அடுத்த படையெடுப்புவரை பலர் ஆட்டத்துக்குள் வராமலே இருந்தார்கள். கூடி வாழத்தான் திரும்ப வந்தவர்கள், கேரக்டரைப் பூட்டிவைத்துவிட்டு வெளியே இருந்தார்கள்! வென்ற பொருள்களை உறுப்பினர்களுக்குள்ளேயே தங்கத்துக்கு ஏலம் விடும் குழுக்கள் பெருகின. அந்தத் தங்கத்தை நிஜப் பணத்துக்கு வாங்கும் வழக்கமும் பெருகியது. 2022-இல் கிளாசிக்கின் அடுத்த கட்டம் வந்தபோது, சமூக உறவுக்காகவே தானியங்கிக் குழுத் தேடல் விலக்கப்பட்டது. 2023-இல் அதே வசதி திரும்பச் சேர்க்கப்பட்டது.

விதிகள் பழையவை, வந்தவர்கள் பழைய மனிதர்களல்லர். அன்று யாருக்கும் எதுவும் தெரியாது, வழி கேட்பதே அறிமுகமாயிற்று. இன்று எல்லா விடைகளும் இன்னொரு திரையில் இருக்கின்றன. அன்று தூரதேசத்து மனிதரோடு அரட்டை அடிப்பதே அதிசயம். இன்று அது கைப்பேசியில் ஓயாமல் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று இருபது வயதுக்காரரிடம் மாலை முழுதும் இருந்தது. விதியைத் திருப்பிக் கொண்டுவரலாம், அறியாமையையும் ஓய்வையும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதற்காக, முயற்சி வீண் என்றும் சொல்ல மாட்டேன். பழைய விளையாட்டுகளில் இரண்டு சரக்குகள் ஒன்றாகக் கலந்திருந்தன. ஒன்று தண்டனை: உடலை இழத்தல், மணிக்கணக்கில் காத்திருத்தல், நள்ளிரவு அழைப்பு. மற்றொன்று பரிச்சயம்: அதே பெயர்களை மீண்டும் மீண்டும் சந்தித்தல், சிறு உதவியைக் கேட்கவும் தரவும் காரணம் இருத்தல். நட்பு வளர்ந்தது இரண்டாவதால். முதலாவது அதற்கு வாய்ப்பைத் தந்தது, அவ்வளவே. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டில் தானியங்கிக் குழுத் தேடல் இருக்கிறது. ஆனால் குழுவில் முதல்முறை வரும் புதியவர் ஒருவர் இருந்தால் மற்ற எல்லாருக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும். முடிவில் நன்றாக நடந்துகொண்ட ஒருவருக்குப் பாராட்டு வழங்கலாம். புதியவரைச் சுமையாக நினைக்காமல் இருக்க ஒரு காரணத்தை விதியே தருகிறது. பழைய நட்புக்கு இது ஈடாகாது. ஆனாலும் யாரையும் நள்ளிரவில் எழுப்பாமல் மரியாதையை வளர்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

விளையாட்டுகளை உருவாக்குபவர்களிடம் கேட்பது இதுதான்: தண்டனைகளை மீட்டெடுக்க வேண்டாம், பரிச்சயத்தை மீட்டெடுங்கள். ஒரே மனிதர்கள் மறுபடி மறுபடி சந்திக்கும் சிறிய சர்வர்களை வையுங்கள். நல்ல பெயருக்குப் பயன் இருக்கட்டும். ஏங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த நட்பு உங்கள் நேரத்தால் உண்டானது. அந்த நேரத்தை மறுபடி யாருக்காவது கொடுக்க மனமிருந்தால், இன்றைய விளையாட்டிலும் ஒரு புதியவர் வழி தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு வழி சொல்லுங்கள்.