எங்கே தடுக்குகிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் இரண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், இருவருக்கும் ஒரே விதி கிடையாது. கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பிள்ளை ஆண்டு இறுதித் தேர்வில் தேறியே ஆகவேண்டும். கல்வி உரிமைச் சட்ட விதிகளில் மத்திய அரசு 2024 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தம் அப்படிச் சொல்கிறது. தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தரவேண்டும். முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்கவேண்டும். அதிலும் தேறாவிட்டால் பிள்ளை அதே வகுப்பில் நிற்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரி 4 அன்று அதைக் கைவிட்டது. எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பதே இன்றும் இங்கே நடைமுறை.

ஆனாலும் தை பிறந்துவிட்டால் இரண்டு வீடுகளிலும் ஒரே பரபரப்புதான். மாதிரி வினாத்தாள் கட்டு, கைடு, மாலை டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். தேர்ச்சிக் கவலை இல்லாத வீட்டில், அமராவதிநகர் சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பத்து வயதுப் பிள்ளையை இப்படித் தேர்வுக்குத் தயார்செய்யும் வழக்கத்தில் எது பிள்ளைக்குச் சேர்கிறது, எது வீணாகிறது என்று நிதானமாகப் பார்க்கவேண்டிய நேரம் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தேர்வு என்று ஒரு தேதி குறிக்கப்பட்டால்தான் பல வீடுகளில் பெரியவர்கள் பிள்ளையின் நோட்டைத் திறக்கிறார்கள். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஷிப்ட் மாறி மாறிப் போகும் அப்பாவுக்குப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதே வாரத்தில் சில நாள்தான். அந்த நேரத்தில் அவரைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்பது தேர்வுதான்.

இன்னொரு நன்மை இதைவிடப் பெரியது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. ஆறிலிருந்து வாசித்துத்தான் மற்றவற்றைக் கற்கவேண்டும். பின்னம், தசமம், நீண்ட பத்திகள் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கும் மேலானவர்கள் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே சரளமாக வாசிக்கத் திணறுகிறார்கள் என்று ஏசர் என்னும் கல்வி நிலை ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. எல்லாரும் தேர்ச்சி என்ற நல்ல ஏற்பாட்டின் மறைவில் இந்தக் குறை கண்ணில் படாமலே நகர்ந்துவிடக்கூடாது. இந்தக் கட்டத்தில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது அவசியம்தான்.

குறை தொடங்குவது திரும்பிப் பார்க்கும் விதத்தில். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: 824-ஐ 4-ஆல் வகுக்கவேண்டும். பிள்ளை 26 என்று எழுதுகிறது. சரியான விடை 206. வீட்டில் வழக்கமாக என்ன நடக்கிறது? சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி, "இதுகூடத் தெரியலையா?" என்று ஒரு அதட்டல், அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு. பத்தில் ஏழு சரியாக வரும்; நடுவில் பூஜ்யம் வரவேண்டிய மூன்றும் மறுபடி தப்பாகும். பிள்ளைக்கு வகுத்தல் தெரியும். 2-இல் 4 போகாதபோது அந்த இடத்தில் பூஜ்யம் போடவேண்டும் என்பதுதான் தெரியாது. "எப்படிப் போட்டேன்னு சொல்லு, கேக்கறேன்" என்று அம்மா உட்கார்ந்தால், இரண்டு நிமிடத்தில் அது வெளியே வந்துவிடும். "சரி, 800 ரூபாயை நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பிள்ளையே 200 என்று சொல்லும், 26 எப்படி வரும் என்று தானே யோசிக்கும். மாதிரி வினாத்தாள் கட்டில் எத்தனை தாள் இருந்தாலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

வாசிப்பிலும் இதே கதைதான். நம் சுரங்கத்தைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, "நிலத்தடி நீரை ஏன் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். கைடில் ஊறிய பிள்ளை, பத்தியில் 'நீர்' என்ற சொல் எந்த வரியில் இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து எழுதிவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடலாம். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது, இறைக்காவிட்டால் அது சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும் என்பது அதற்குப் புரிந்திருக்காது. அதைச் சொல்லித்தரக்கூடிய அப்பா அதே வீட்டில், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. டியூஷன் டீச்சர் எழுதிக்கொடுத்த விடை கையில் இருக்கிறதே!

இத்தனைக்கும் கேந்திரிய வித்யாலயா பிள்ளை எழுதும் ஆண்டு இறுதித் தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக்கூடாது, பிள்ளையின் திறனைப் பார்ப்பதாக இருக்கவேண்டும் என்று திருத்தப்பட்ட விதியே சொல்கிறது. அதே வகுப்பில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு எங்கே இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வழிகாட்டும் பொறுப்பையும் வகுப்பாசிரியருக்குத் தருகிறது. விதியில் இவ்வளவு தெளிவாக இருப்பதைப் பெற்றோர் பலர் அறிவதே இல்லை. 'ஃபெயில் போட்டுடுவாங்களாம்' என்ற ஒரு வரி மட்டும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அந்த அச்சம்தான் கைடு வாங்க வைக்கிறது.

அச்சத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கேந்திரிய வித்யாலயாவில் இந்தியும் ஒரு பாடம். இந்தி எழுத்தே தெரியாத அம்மா அந்த நோட்டைத் திறந்து என்ன செய்வார்? அங்கே டியூஷனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுமையை வீட்டின்மேல் இறக்கிவிட்டுப் பிள்ளையை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைத்தான் குறைசொல்லவேண்டும்.

ஏற்றத்தாழ்வு இன்னொரு குறை. நிரந்தர ஊழியர் வீட்டில் தனி அறை, மேசை, டியூஷன் காசு மூன்றும் இருக்கலாம். டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் வாடகைக்கு இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு மூன்றும் இருப்பது அரிது. வீட்டுத் தயாரிப்பை நம்பி நடக்கும் எந்தத் தேர்வும் பிள்ளையோடு சேர்த்து அதன் வீட்டையும் அளக்கிறது. இலங்கையின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, ஏழைப் பிள்ளைகளும் நல்ல பள்ளிக்குப் போகவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு வந்தது. இன்று அதே பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் விடுமுறை நாளிலும் டியூஷன் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1960 முதல் நடக்கும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் அந்தப் பாதையில் போய்த்தான் திரும்பியது. முதலிடம் பெற்றவரின் பெயரை வெளியிடுவதை 2012-இல் நிறுத்தினார்கள். ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய மதிப்பெண் முறையை 2021-இல் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் டியூஷன் அங்கே குறைந்துவிடவில்லை. தேர்வுக்கு அஞ்சிப் பழகிய பெற்றோரை விதி மாற்றம் மட்டும் மாற்றிவிடாது.

ஆகவே, தயாரிப்பு வேண்டும். ஆனால் அது பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று பார்க்கும் தயாரிப்பாக இருக்கவேண்டும் என்பதே என் முடிவு. அதற்கு நாளுக்கு அரை மணி நேரம் தாராளம். வாரத்துக்கு ஒரு வினாத்தாள் போதும். மற்ற நாள்களில் அதில் தப்பானவற்றை மட்டும் ஒரு தனி நோட்டில் எழுதி, ஏன் தப்பானது என்று பிள்ளையையே சொல்ல வைக்கலாம். படிக்காத பெற்றோராலும் இதைச் செய்யமுடியும்; "எப்படிப் போட்டே?" என்று கேட்க விடை தெரிந்திருக்கவேண்டியதில்லை. பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் படிக்க வைப்பதும், பக்கத்து வீட்டு மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டுவதும் அறவே வேண்டாம்.

பள்ளி செய்யவேண்டியதும் உண்டு. திருத்திய விடைத்தாளை மதிப்பெண்ணோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பாமல், பிள்ளைக்கு எது வரவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பட்டும். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தெருத் திண்ணையிலும் தன்னார்வலர்கள் பாடம் நடத்தமுடியும் என்று தமிழ்நாடு கண்டது. பொறியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இத்தனை பேர் குடியிருக்கும் நெய்வேலியில், டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மாலை வகுப்பை நடத்துவது நம்மால் ஆகாத காரியம் இல்லை. நம் பிள்ளைக்கு ஒதுக்கும் அரை மணியில் பக்கத்துப் பிள்ளையையும் கூட உட்காரவைத்து இந்த ஆண்டே தொடங்கலாம்.