காரை ஓடையில் கடல்

பெரம்பலூர் மாவட்டம் காரையில், மழை அறுத்த ஓடைகளில் குனிந்தபடி நடப்பது தனி இன்பம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் சேறு களிமண் படிவாகி, இன்று மழைக்கு மழை கரைந்து, உள்ளே கிடந்த கடலுயிர்ப் புதைபடிவங்களை வெளியே விடுகிறது.

கண் பழக வேண்டும். வெயிலில் பளபளப்பது பெரும்பாலும் ஜிப்சம். துப்பாக்கித் தோட்டா வடிவில் வழவழவென்று கிடப்பது பெலம்னைட், கணவாய்க்கு உறவான உயிரின் உள்ளோடு. உடைந்த முகத்தில் நடுவிலிருந்து கதிர்கள் விரியும். சுருண்டு, வரிவரியாக மேடுகள் இருந்தால் அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரின் ஓடு. மேலோடு தேய்ந்ததில் நெளிநெளியான கோடுகள் தெரியும். உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. தகடு தகடாகப் பிரிந்தால் சிப்பி.

பெயர் தெரிந்ததும் வேலை முடிவதில்லை. ஓடையில் கிடப்பது நீர் உருட்டி வந்தது. கரையின் எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று மேலே தேடிப் போக வேண்டும். அந்த அடுக்குதான் அதன் காலத்தைச் சொல்லும். ஆகவே படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்து வருபவரும் படிக்கட்டும்.