கோழிக்கு அடியில் ஒரு குளம்

அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் மெல்லக் கைவிட்டு ஒரு வாத்து முட்டையை எடுத்துப் பாருங்கள். கோழி முட்டையைவிடக் கனமாக இருக்கும். ஓட்டில் மெழுகு பூசினாற்போல ஒரு வழவழப்பு. இருபதாம் நாளுக்குப் பிறகு எடுத்தால் உள்ளங்கையில் அதன் சூடு நம் சூட்டையும் மிஞ்சும். எத்தனை முறை எடுத்தாலும் எனக்கு அந்தக் கணம் அலுத்ததில்லை.

நம்மூர் வாத்து அடைக்கு உட்காருவது அபூர்வம். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததில் அந்தப் புத்தி மழுங்கிவிட்டது. காக்கி கேம்பல் வகை வாத்தும் அப்படித்தான். மணிலா வாத்து மட்டும் வேறு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தனி இனம் அது. 35 நாள் பொறுமையாகக் கிடந்து பொரித்துவிடும். மற்ற வாத்துகளுக்கெல்லாம் நாட்டுக்கோழிதான் தாய்.

அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டபடி ஊர் ஊராக நகரும் வாத்துக்காரர்களிடம்தான் நான் முட்டை வாங்குவேன். “அடைக்கு வேணும்ண்ணே, சேவல் சேர்ந்ததா பாத்துக் குடுங்க” என்று சொல்லிவிட வேண்டும். “அப்ப விடியக்காலையில வா தம்பி, இட்ட சூட்டோட எடுத்துக்க” என்பார்கள். வாத்து இரவு முடியும் நேரத்தில் முட்டையிடும். பொழுது ஏறிப் போனால் கடைக்குப் போகும் கூடையில் எல்லாம் கலந்துவிடும். சேறு படிந்த முட்டையைப் பார்த்ததும் கழுவத் தோன்றும். கழுவக் கூடாது. அந்த மெழுகுப் பூச்சுதான் ஓட்டின் நுண்துளைகளுக்குக் காவல்.

கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல். இடிக்கு முட்டை கெடாமலிருக்கும் என்று நம்பி அம்மா ஓர் இரும்புத் துண்டும் இரண்டு காய்ந்த மிளகாயும் வைப்பார். நானும் இன்றுவரை வைக்கிறேன். ஒரு கோழிக்கு எட்டு அல்லது பத்து வாத்து முட்டை போதும். ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு கோடு போட்டுவிடுவேன். தன் முட்டையைக் கோழி அலகால் புரட்டிக்கொள்ளும். வாத்து முட்டை அதற்குப் பெரிது. கோடு எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்து, நாம்தான் காலையும் மாலையும் திருப்பிவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவு, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் முட்டையைப் பார்ப்பேன். கருக்கூடிய முட்டைக்குள் சிவந்த நரம்புகள் சிலந்திபோலக் கால் பரப்பியிருக்கும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். கூமுட்டை வெறுமனே மஞ்சளாய் ஒளிரும்.

இந்தக் கலையின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. அதை நான் தெரிந்துகொண்டது ஒரு துக்கத்தில். முதன்முதலில் வைத்த அடையில் நான்கு குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின. உடைத்துப் பார்த்தால் முழுதாக வளர்ந்த குஞ்சுகள். உள்சவ்வு காய்ந்து தோல்போல அவற்றின் மேல் இறுகியிருந்தது.

முட்டை மூச்சுவிடும். ஓட்டின் துளைகள் வழியே நாள்தோறும் கொஞ்சம் ஈரம் வெளியேறும். 70 கிராம் முட்டை ஏறக்குறைய 9 கிராம் எடை குறைந்து வந்தால் கணக்கு சரி. அதைவிட மிகவும் குறைவாக இழந்தால் குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் தவிக்கும். மிகவும் கூடுதலாக இழந்தால் என் நான்கு குஞ்சுகளின் கதைதான். தாய் வாத்து இந்தக் கணக்கைத் தானாகவே சரிசெய்துகொள்கிறது. அடையை விட்டு இறங்கி இரை தின்று, தண்ணீரில் ஒரு முங்கு முங்கி, நனைந்த மார்போடு வந்து உட்காரும். கோழியோ புழுதியில் குளிப்பது. அதன் இறகில் ஈரம் ஏது? குளத்தை நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பத்தாம் நாளுக்குப் பிறகு, கோழி இரைக்கு இறங்கும் நேரமாகப் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் விரல்களை நனைத்து முட்டைகளின்மேல் தெளித்துவிடுவேன். கடைசி வாரத்தில் கொஞ்சம் கூடுதலாக. விரல் நுனியிலிருந்து சொட்டுகள் விழுந்து, சூடான ஓட்டில் மெல்லக் காய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கோழிக் குஞ்சுக்கு 21 நாள், வாத்துக்கு 28. அந்தக் கூடுதல் ஒரு வாரம் கோழி தன் உடம்பைக் கரைத்துத் தருவது. கம்பும் நொய்யும் கலந்து, கூடைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவேன்.

இருபத்தாறாம் நாள் முட்டையைக் காதோரம் வைத்தால் உள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்கும். குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விட்டிருக்கிறது. கில்பர்ட் காட்லீப் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தக் குரலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஓட்டுக்குள் தன் குரலையோ கூடப்பிறந்த முட்டைகளின் குரலையோ கேட்ட வாத்துக் குஞ்சுதான் பிறகு தன் இனத்துத் தாயின் அழைப்பைத் தவறாமல் அடையாளம் காண்கிறது என்று காட்டினார். அதைப் படித்த நாளிலிருந்து அந்த இரவுகளில் கூடைக்கு அருகில் சத்தம் போட எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்து ஓட்டில் ஒரு சிறு விரிசல் விழும். பிறகு ஒன்றும் நடக்காது. ஒரு பகல், ஓர் இரவு, சில வேளை இன்னொரு பகலும் போகும். இங்கேதான் பலர் கை வைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் குஞ்சு சவ்வின் ரத்தத்தையும் மீந்த மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். விரிசலின் ஓரம் காய்ந்து பழுப்பேறினால் ஈரத்துணியால் ஒற்றிவிடலாம், அவ்வளவுதான். நேரம் வந்ததும் அலகு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் கொத்திக் கொத்தி, ஓட்டுக்குள்ளேயே சுற்றி வந்து, தொப்பியைக் கழற்றுவதுபோல மேல்மூடியைத் தள்ளும். வெளியே வருவது நனைந்த நூல்கண்டுபோல ஓர் உருவம். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் மஞ்சள் பஞ்சு.

உள்ளிழுத்த மஞ்சள் கரு ஒரு நாளுக்குத் தாங்கும். அதனால் தீனிக்கு அவசரமில்லை. தண்ணீரை உடனே வைக்கலாம். அலகும் மூக்குத்துளையும் நனையும் ஆழம் வேண்டும், உடம்பு நனையக் கூடாது. ஓரத்தில் கூழாங்கல் போட்ட ஒரு மண்சட்டி அதற்குப் போதும். உலர்ந்த தீனி தொண்டையை அடைத்துவிடும் என்பதால் பிசைந்து கொடுக்க வேண்டும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைக் கிட்டே கொண்டுவரவே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது வாத்துக் குஞ்சுகளும் செத்தன. அதைத் துருவிப் போய்த்தான் கடலைப் புண்ணாக்கின் பூசண நஞ்சான அஃப்ளாடாக்சினைக் கண்டுபிடித்தார்கள்.

குஞ்சுகளைக் குளத்துக்கு விட எல்லோருக்கும் ஆசைதான். எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் குஞ்சுகளின் வாலடி எண்ணெய்ச் சுரப்பி இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை, நனைந்தால் விறைத்துவிடும். மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும்.

போன தை மாதம் ஒரு வெயில் நாளில் ஒன்பது குஞ்சுகளைக் கொல்லைக் குட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். யாரும் சொல்லித்தராமல் தலையை முக்கி, தண்ணீரை முதுகில் வழியவிட்டு, பாசியைச் சலித்தன. கோழி கரையில் இப்படியும் அப்படியுமாக ஓடி ஓடிக் குரல் கொடுத்தது. பொழுது சாய்ந்ததும் எல்லாம் கரையேறி வந்து, சொட்டச் சொட்ட அதன் அடியில் முண்டியடித்து நுழைந்தன. பாதி உடம்பு வெளியே நிற்குமளவு வளர்ந்துவிட்டவை. கோழி இறக்கையை விரித்து அவற்றின்மேல் அமர்ந்தது. கூண்டில் அடைக்கத் தூக்கினேன். அதன் மார்பு முழுக்க நனைந்திருந்தது.