குணுக்கும் டைமண்டும்

2023 ஏப்ரல் முதல் நவம்பர் 9 வரை, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளையில் செல்போனில் காசு வைத்து ரம்மி ஆடுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துச் செங்கலில், அதே செயலியில் அதே ஆட்டம் ஆடுவது அப்போது குற்றமே இல்லை. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் வைத்திருந்தது. அவை திறன் ஆட்டங்கள் என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் நவம்பரில் விடுவித்தது. கேரளத்தில் இந்தக் கதை முன்பே நடந்து முடிந்திருந்தது. 2021 பிப்ரவரியில் அரசு ஓர் அறிவிக்கை மூலம் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 27-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது.

லாட்டரிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். 1967-ல் கேரள அரசு தானே லாட்டரித் துறை தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 குடியரசு தினத்தன்று நடந்தது. தமிழ்நாடும் லாட்டரி நடத்திய மாநிலம்தான். 2003 ஜனவரியில் மொத்தமாகத் தடைசெய்தது. குமரி மாவட்டத்துக்காரர்கள் இன்றும் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் வந்து சீட்டு வாங்கிப் போகிறார்கள். இந்த எல்லை 1956 நவம்பர் 1-ல் உருவானது: விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அந்த எல்லைக் கோடு வேறு இடத்தில் விழுந்திருந்தால், செங்கலில் எது சூது, எது பொழுதுபோக்கு என்பதும் மாறியிருக்கும்.

வீடியோ கேம் பற்றிய கருத்துகளைத் தொகுத்துப் பார்க்க இந்த ஊரை நான் எடுத்துக்கொள்வது இதனால்தான். பள்ளிக் கூட்டங்களிலும் டீக்கடையிலும் தேவாலயப் பிரசங்கத்திலும் இங்கே கேட்பது அநேகமாக ஒரே குரல்: கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, வெறி ஏற்றுகிறது, நேரத்தைத் தின்கிறது. ஊர் ஏற்காத கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்ப்பதே இங்கே என் வேலை.

முதலில் வன்முறை. இந்தியாவில் கேம் பற்றிய அச்சம் உச்சத்துக்குப் போனது பப்ஜி என்னும் துப்பாக்கி கேமின் காலத்தில். 2019 மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை அதைத் தடைசெய்து, ஆடிய இளைஞர்களைக் கைது செய்யவும் செய்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஓர் ஆய்வை இங்கே யாரும் கவனிக்கவில்லை. ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் பிரிட்டனில் 14, 15 வயதுள்ள 1,004 பேரை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்களா என்பதை அவர்களை வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். எந்த கேம் வன்முறையானது என்பதை அதிகாரபூர்வமான வயதுத் தரவரிசையைக் கொண்டு முடிவு செய்தார்கள். வன்முறை கேம் ஆடுவதற்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. துப்பாக்கி கேம் ஆடுகிற பையன் வன்முறையாளன் ஆகிவிடமாட்டான் என்பது, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னால் யாருக்கும் பிடிக்காத கருத்து. இன்று கையில் இருக்கும் சான்றுகள் அதன் பக்கமே நிற்கின்றன.

2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடைசெய்தபோது சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தரவும். வன்முறை பற்றி அதில் பேச்சே இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே ஆட்டம் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்தது. ரத்தத்தின் நிறம் பச்சையாகியிருந்தது. 18 வயது ஆகாதவர்கள் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம் என்று வரம்பு வந்தது. அவர்கள் ஒரு நாளைக்குச் செலவழிக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு வந்தது: 7,000 ரூபாய்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செங்கலில் ரப்பர் வெட்டுகிறவரோ கட்டட வேலைக்குப் போகிறவரோ ஒரு வாரம் உழைத்தாலும் 7,000 ரூபாய் கையில் நிற்பது கடினம். ஒரு பள்ளிப் பிள்ளை ஒரே நாளில் அவ்வளவு செலவிடலாம் என்று அனுமதித்ததைத்தான் கட்டுப்பாடு என்றார்கள். ரத்தத்தின் நிறத்தைப் பற்றி அத்தனை கவலைப்பட்டோம். பணத்தின் அளவைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஆட்டத்தைக் கண்டு பயப்படுவதை விட்டு, ஆட்டத்துக்குள் திறந்திருக்கும் கடையைக் கண்டு பயப்பட வேண்டும்.

கடையில்லாத ஆட்டமும் இங்கே உண்டு. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிளப்புகளிலும் முச்சந்திகளிலும் மாலையானால் சீட்டு ஆடுவார்கள். இருபத்தெட்டு, ஐம்பத்தாறு என்னும் ஆட்டங்கள் கேரளத்தில் பரவலானவை. கூட்டாளியோடு கணக்குப் போட்டு, ஏலம் கேட்டு, நினைவாற்றலால் ஜெயிக்கிற ஆட்டங்கள். தோற்றவர் பணம் தர வேண்டாம். காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்து ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது. அறுபது வயதுக்காரர் இலைக்காம்பைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், போகிற வருகிறவர்கள் சிரிப்பார்கள். தோல்வியின் விலை வெட்கம். அந்த வெட்கமே மறுநாளும் அவரை ஆட அழைத்து வரும். ஊரில் யாரும் இதைச் சூது என்று சொன்னதில்லை, வீட்டில் திட்டு விழுந்தாலும்.

ஃப்ரீ ஃபயர் என்னும் துப்பாக்கி கேமில் காசு கொடுத்து வாங்கும் டைமண்டும், பி.ஜி.எம்.ஐ.யில் அப்படியே வாங்கும் யூசியும் செய்வது வேறு வேலை. ஒரு துப்பாக்கிக்கு ஸ்கின் என்னும் புதுத் தோற்றம் வேண்டுமென்றால் நேராக விலை கொடுத்து வாங்க முடியாத இடங்கள் அங்கே உண்டு. சுழற்ற வேண்டும், பெட்டி திறக்க வேண்டும். விழலாம், விழாமலும் போகலாம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலிலேயே இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூது என்று அறிவித்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்து, களியக்காவிளைக்கும் செங்கலுக்கும் இந்த விஷயத்தில் ஒரே விதியைக் கொண்டுவந்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் ஆடுகிறவனுக்குப் பணமாகத் திரும்பி வராத டைமண்டும் யூசியும் அந்தச் சட்டத்தின் குறியில் இல்லை. ரம்மியில் அப்பா இழந்தால் அது செய்தி. ஸ்கின்னுக்காக மகன் இழந்தால் அது வீட்டுச் சண்டை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர்கள் இன்னும் சிலரே.

நேரம் பற்றிய வழக்கு இவ்வளவு தெளிவானது இல்லை. உலக சுகாதார நிறுவனம் கேம் ஆடுவதில் கட்டுப்பாடு இழப்பதை நோயாக 2019-ல் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரியில் அந்த வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. கேரளக் காவல்துறையே டி-டாட் என்னும் பெயரில் பிள்ளைகளுக்கான டிஜிட்டல் போதை மீட்பு மையங்களை நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் ஒன்று உண்டு. துன்பப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவி வேண்டும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. எத்தனை மணி நேரம் ஆடினான் என்று எண்ணுவது மட்டும் நமக்கு அதிகம் சொல்லாது என்பதே இங்கே ஊர் ஏற்காத கருத்து. 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 38,935 ஆட்டக்காரர்களின் உண்மையான ஆட்ட நேரத்தை கேம் நிறுவனங்களிடமிருந்தே பெற்றுப் பார்த்தார்கள். நேரம் கூடியதால் மனநலத்தில் ஏற்பட்ட மாற்றம் இல்லை என்னும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. விருப்பத்தோடு ஆடுகிறவர்களுக்கும், ஆடியே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் ஆடுகிறவர்களுக்கும் இடையில்தான் வேறுபாடு தெரிந்தது. ஆய்வில் இருந்தவர்கள் வயதுவந்தவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள். செங்கல் பள்ளி மாணவனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் "எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் இடத்தில் "எதற்காக?" என்று கேட்கப் பெற்றோர் பழகலாம். இன்று நுழையாவிட்டால் பரிசு போய்விடும் என்று தினமும் மணி அடிக்கும் கேம்கள் அந்த நிர்ப்பந்தத்தைத் திட்டமிட்டே உண்டாக்குகின்றன. இங்கேயும் பின்னால் நிற்பது கடைதான்.

ஆட்டக்காரர்களுக்கு உள்ளேயும் பிடிக்காத கருத்துகள் உண்டு. பப்ஜி ஆடுகிறவர்கள் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர்களை இளக்காரமாகப் பேசுவதை எங்கும் கேட்கலாம்: படம் மோசம், சின்னப் பிள்ளைகள் ஆடுவது என்று. நான் ஃப்ரீ ஃபயர் பக்கம் நிற்கிறேன். அதில் 50 பேர், ஏறக்குறைய பத்து நிமிடம்; விலை குறைந்த போனிலும் ஓடும், சுமாரான சிக்னலிலும் ஓடும். அரைமணி நேரம் போனைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாத பையனுக்கும், அப்பாவின் போனை இரவல் வாங்கி ஆடுகிறவனுக்கும் இடம் கொடுத்த ஆட்டம் அது. 2022 பிப்ரவரியில் அதைத் தடைசெய்தபோது நாளிதழ்களில் சீனத் தொடர்பு பற்றிய செய்தி வந்தது. எந்தப் பிள்ளைகளின் திடல் மூடப்பட்டது என்று எவரும் எழுதவில்லை. எல்லைக் கிராமத்து அணியில் "லே மக்கா, பொறத்தே ஆளு நிக்கான்" என்று ஒருவன் கத்துவான், மற்றவன் மலையாளத்தில் பதில் சொல்வான். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளை தயக்கமில்லாமல் இரண்டையும் கலந்து பேசும் இடம் இந்த மைக்.

அந்த மைக்கில் பெண்குரல் கேட்பது அரிது. கேட்டால் என்ன நடக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசியதாக எழுந்த புகார்களில் தமிழ் யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். அவரைப் பல லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். கேமைத் தடைசெய்தால் இது தீரும் என்று அப்போது எழுதினார்கள். பேருந்து நிலையத்திலும் உண்டு இதே பேச்சு. பேருந்து நிலையத்தை யாரும் மூடச் சொன்னதில்லை. பெண்பிள்ளைகள் கேம் ஆட வேண்டும், சத்தமாகப் பேசி ஆட வேண்டும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். இந்தத் தொகுப்பிலேயே மிகக் குறைந்த ஆதரவு இதற்குத்தான் கிடைக்கும்.

கடைசியாகக் கலை. ரோஜர் ஈபர்ட் என்ற அமெரிக்கத் திரைவிமர்சகர் 2010-ல் வீடியோ கேம் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதி, ஆட்டக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். இரண்டே ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பேக்மேன், டெட்ரிஸ் உள்ளிட்ட 14 கேம்களைத் தன் சேகரத்தில் சேர்த்தது. தமிழில் இந்த விவாதம் தொடங்கவே இல்லை. தொடங்குவதற்குத் தகுந்த படைப்பு 2023 ஜூலை 31-ல் வந்துவிட்டது: டொரோண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா'. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய், அவள் கணவன் பாவலன், மகன் கவின். அவளுடைய தாயின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து, விடுபட்ட படிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதே ஒரு புதிர். அந்தப் புதிரை அவிழ்க்கும் கை, அம்மாவைக் கவனித்துப் பார்த்திருந்த கை என்பதை ஆட்டம் சொல்லாமல் உணர்த்திவிடுகிறது. நாவலாலும் திரைப்படத்தாலும் இதைச் செய்ய முடியாது. வாசகனின் கையை அவை கேட்பதில்லை. 2024-ல் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும், சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன.

ஆட்டக்காரர்கள் வெண்பாவின் மேல் சொன்ன பெரிய குறை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது. ஒன்றரை மணி நேரம். கொடுத்த காசுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றிவிட்டது. முடிகிற கேம்தான் நல்ல கேம் என்பேன். முடியாத கேமில் கடை மூடுவதே இல்லை.

செங்கல், பாறசாலை, தனுவச்சபுரம் பக்கத்து ஊர் நூலகங்களில் செய்தித்தாள் உண்டு, நாற்காலி உண்டு, பல இடங்களில் கேரம் பலகையும் உண்டு. அங்கே ஒரு கணினியும் இரண்டு கன்ட்ரோலரும் வைப்பதற்கு நூலகக் குழு கூட்டத்தில் எவ்வளவு எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும். பெண்பிள்ளைகளும் வந்து உட்காரக்கூடிய, டைமண்ட் வாங்க வழியில்லாத, பெரியவர்கள் பக்கத்து மேசையில் ஐம்பத்தாறு ஆடிக்கொண்டிருக்கும் இடம் அது. ஒரு சனிக்கிழமை மாலையில் வெண்பாவை ஆடி முடித்துவிட்டு, குடிபெயர அவர்கள் எடுத்த முடிவு சரியா, கவின் அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்கலாமா என்று தமிழிலும் மலையாளத்திலும் சண்டை போட நேரம் மிச்சமிருக்கும்.