இருவருக்கு நடுவே விழும் கோடு

வெறும் தரை. மேலே ஒரு கேமரா, ஒரு புரொஜெக்டர். தனியாக ஒருவர் அந்தத் தரையில் எவ்வளவு நேரம் நடந்தாலும் எதுவும் தெரிவதில்லை. இன்னொருவர் காலெடுத்து வைத்ததும் இருவருக்கும் சரிபாதித் தூரத்தில் ஒளிக்கோடு ஒன்று விழுகிறது. ஒருவர் நெருங்கினால் கோடும் அவருக்கு முன்னால் நகர்கிறது. எட்டி மிதிக்கப் பார்த்தாலும் பிடிபடாது. எதிரில் இருப்பவரைத் தொட வேண்டுமென்றால் கையை நீட்டி அதைத் தாண்டியாக வேண்டும். அமெரிக்கக் கலைஞர் ஸ்காட் ஸ்னிப் 1998இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவில் காட்சிக்கு வைத்த 'பவுண்டரி ஃபங்ஷன்ஸ்' இது. மனிதர் சகவாசமே வேண்டாம் என்று காட்டுக்குள் ஒதுங்கி, தபாலில் குண்டு அனுப்பிய தியோடோர் கசின்ஸ்கி 1967இல் எழுதிய கணித முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பை ஸ்னிப் இதற்குச் சூட்டினார்.

உடல் அசைவுக்குப் பதில் சொல்லும் கலைப்படைப்புகள் இன்று ஏராளம். அவற்றில் இருவருக்கென்று உருவானவற்றை எடைபோட ஒரே கேள்வி போதும்: வந்த இருவரும் எதைப் பார்க்கிறார்கள்? ஒருவரையொருவரா, திரையையா?

இந்தக் கலையின் முன்னோடி மைரன் க்ரூகர். 1970இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவரும் நண்பரும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தபடி, இருவர் கைகளும் சேர்ந்து தெரியும் வீடியோப் படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். க்ரூகரின் கையின் பிம்பம் நண்பரின் கையின் பிம்பத்தின் மேல் பட்டது. நண்பர் சட்டென்று கையை விலக்கிக்கொண்டார். பட்டது வெறும் வெளிச்சம்தான்; கூச்சம் மட்டும் நிஜம். க்ரூகர் பின்னர் உருவாக்கிய 'வீடியோபிளேஸ்' இந்தக் கண்டுபிடிப்பின்மேல் எழுந்தது. இருவருக்கான படைப்புகளின் பெரும்பலமும் இதுதான்: உடல் தொலைவில் இருந்தாலும், இன்னொருவர் இருக்கிறார் என்பதைத் தோல் உணர்ந்துவிடுகிறது.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கருவி கடைக்கு வந்தது. விளையாட்டுக்காகச் செய்த அந்த மலிவான கருவியைக் கலைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள். அதன் முதல் தலைமுறை ஒரே நேரத்தில் இரண்டு பேரின் முழு உடலசைவைப் பின்தொடரும், ஆளுக்கு 20 மூட்டுகள் வீதம். இருவருக்கான கலைக்கென்றே பிறந்தது போலத் தோன்றியது. விளைந்ததோ வேறு. கருவி எதிரில் நின்று பார்ப்பது. ஒருவர் மற்றவரை மறைத்தால் மறைந்தவரின் மூட்டுகள் தொலைந்துபோகும். தழுவிக்கொண்டால் எந்தக் கை யாருடையது என்று குழம்பும். ஆகவே பல கூடங்களில் தரையில் இரண்டு குறிகள் ஒட்டப்பட்டன. அவற்றின்மேல் பக்கம் பக்கமாக நின்று, திரையைப் பார்த்துக் கையசைக்க வேண்டும். நெருங்குவதற்காக அழைத்துவரப்பட்ட இருவரைக் கருவியின் குறைபாடு தள்ளி நிறுத்தியது. ஸ்னிப்பின் கேமரா தலைக்குமேல் இருந்ததால் இந்தச் சிக்கலே எழவில்லை. கேமராவை எங்கே மாட்டுவது என்பதும் கலை முடிவுதான். தொழில்நுட்ப உதவியாளரிடம் அதை விட்டுவிடும்போதே படைப்பு பாதி தோற்றுவிடுகிறது.

இன்னொரு பழக்கம், ஒருவர் அசைவதை மற்றவர் அப்படியே செய்ய வைப்பது. சுலபமான உத்தி என்பதால் எங்கும் இதையே பார்க்க நேர்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் லியோர் நோய் உள்ளிட்டோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதன் உள்ளோட்டத்தைக் காட்டியது. எதிரெதிரே இருந்த இருவர், இணையான தடங்களில் ஆளுக்கொரு கைப்பிடியை நகர்த்தினார்கள். ஒருவர் முன்செல்ல மற்றவர் பின்பற்றியபோது, பின்பற்றியவரின் கையில் நொடிக்கு இரண்டு மூன்று முறை சிறு நடுக்கம் பதிவானது. ஓயாமல் திருத்திக்கொண்டே வருவதன் அடையாளம் அது. தலைமை யாருக்கும் இல்லை என்று விட்டபோது, மேடையில் தேர்ந்த கலைஞர்களிடம் அந்த நடுக்கம் மறைந்த கணங்கள் வந்தன. அப்படியென்றால் கண்ணாடிபோல நகலெடுக்கச் சொல்லும் படைப்பு, இருவரில் ஒருவரைத் தொடர்ந்து வேலைக்காரராகவே வைத்திருக்கிறது.

நெருக்கத்துக்கு ஆபத்தும் உண்டு. பால் செர்மன் 1992இல் உருவாக்கிய 'டெலிமேட்டிக் ட்ரீமிங்' இரண்டு இடங்களில் உள்ள படுக்கைகளை வீடியோவால் இணைத்தது. ஓர் இடத்தில் படுத்திருப்பவரின் உருவம் மறு இடத்தின் படுக்கையில் விழும். 1994இல் ஆம்ஸ்டர்டாமில் நான்கு வாரங்கள் அதில் பங்கேற்ற நடனக் கலைஞர் சூசன் கோசல், மென்மையான தீண்டலையும் சந்தித்தார், தாக்குதலையும் சந்தித்தார். ஒருவர் அவர் பிம்பத்தின் வயிற்றில் இடித்தபோது, எதுவும் படாமலேயே அவர் உடல் சுருண்டது. பிம்பத்துக்கு அடி விழுந்தாலும் ஆளுக்கு வலிக்கும் என்பதை அறிந்த பிறகு, பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் இதுபோன்ற கூடங்களைத் திறந்துவிடுவது பொறுப்பின்மை.

பார்சிலோனாவில் தொடங்கிய பீஅனதர்லேப் குழுவின் 'தி மெஷின் டு பி அனதர்' இந்த ஆபத்தை நேராக எதிர்கொள்கிறது. தலையில் மாட்டிய காட்சிக்கருவி வழியே ஒவ்வொருவரும் மற்றவரின் கண்ணிலிருந்து பார்க்கிறார்கள். கையை வெடுக்கென்று தூக்கினால் கண்ணில் தெரியும் கை கூடவே எழாது, மாயம் கலைந்துவிடும். இருவரும் ஒத்துக்கொண்டு மெதுவாக அசைந்தால்தான் அது நிலைக்கும். சம்மதம் இதில் விதிமுறையாக எழுதி ஒட்டப்படவில்லை, அசைவிலேயே கலந்திருக்கிறது. அபாரமான தீர்வு. ஆனால் சில நிமிடம் இன்னொருவரின் உடலில் இருந்ததாக உணர்ந்தால் அவர் வாழ்க்கையே புரிந்துவிடும் என்பது போன்ற பேச்சு மிகை.

இருவரை இணைக்கக் கருவியே இல்லாமலும் முடியும். 1966இல் பிரேசிலின் லிஜியா கிளார்க்கும் ஹெலியோ ஒய்டிசிகாவும் ஒரு ரப்பர் பட்டையை முறுக்கி இருவர் மணிக்கட்டுகளை இணைத்தார்கள். ஒரு கை இழுத்தால் மறு கை அறியும். மின்சாரம் தேவைப்படவில்லை. 2017இல் கினெக்ட் தயாரிப்பு நின்றபோது அதை நம்பிய படைப்புகள் உதிரிக் கருவி தேடி அலையும் நிலைக்கு வந்தன. அந்த ரப்பர் பட்டையை இன்றும் யாரும் செய்துகொள்ளலாம்.

இருவருக்கான படைப்பை வடிவமைக்கக் கிளம்புபவர்கள் சென்சார் வாங்குவதற்கு முன்னால், அறிமுகமில்லாத இரண்டு பேரை வெற்று அறையில் நிறுத்தி அவர்கள் எப்படி விலகுகிறார்கள், எப்போது நெருங்குகிறார்கள் என்று சில நாள் பார்க்க வேண்டும். கருவியை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கட்டும்.