புனைவு மனிதரைத் திருத்துமா?

நாவல் வாசிப்பவர்களுக்கு மனம் இளகும், குணம் திருந்தும் என்று நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பிள்ளைகளைத் தமிழில் வாசிக்கத் தூண்டும்போதும் இதையே காரணம் காட்டுகிறோம். நோர்வேயில் இருந்துகொண்டு இதை நம்புவது கடினம். இது க்னூட் ஹாம்சனின் நாடு.

1890இல் வெளிவந்த அவரது 'பசி' நாவலின் நாயகன், அன்று கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட இதே ஒஸ்லோவில் பட்டினியோடு அலைகிறான். அந்த நிலையிலும் தன் அரைக்கோட்டை அடகு வைத்து, பிச்சை கேட்ட கிழவனுக்குக் காசு கொடுக்கிறான். பசித்தவனின் தலைக்குள் வாசகரை இவ்வளவு கிட்டக் கொண்டுபோன நாவல்கள் குறைவு. 1920இல் ஹாம்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரது 'நிலவள'த்தை க.நா.சு. தமிழுக்குக் கொண்டுவந்தார். அதே ஹாம்சன்தான் 1943இல் தன் நோபல் பதக்கத்தை கோயபல்ஸுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர். 1945 மே 7ஆம் திகதி 'ஆஃப்டன்போஸ்டன்' பத்திரிகையில் ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதியவர்.

எழுதியவரின் கதை வேறு, வாசிப்பவரின் கதை வேறு என்று சொல்லலாம். வாசிப்பவர்களையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இலக்கியப் புனைவைச் சிறிது நேரம் வாசித்தவர்கள் பிறர் மனநிலையை ஊகிக்கும் சோதனையில் கூடுதல் புள்ளி பெற்றார்கள் என்று கிட், கஸ்தானோ என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 2018இல் வெளியான மறுபரிசோதனையில் அந்த விளைவு தென்படவில்லை. தென்பட்டிருந்தாலும் என்ன? பிறர் மனதை அறிவது வேறு, பிறருக்கு நன்மை செய்வது வேறு. சம்பந்தம் குழப்புகிறவருக்கும் அந்த அறிவு வேண்டியிருக்கிறது.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்ததைச் சொல்லும் நாவல். அதை மனமுருகிப் பாராட்டுகிறவர்களை இங்கே வெஸ்ட்லியிலும் சந்தித்திருக்கிறேன். தங்கள் பிள்ளைக்குச் சம்பந்தம் வரும்போது அவர்களில் சிலர் முதலில் கேட்பது, "அவை என்ன ஆக்கள்?" என்றுதான்.

அவர்கள் போலியாக உருகவில்லை. நாவலுக்குள் நாம் எப்போதும் அடிபடுகிறவரின் பக்கத்திலேயே உட்காருகிறோம். அங்கே இரக்கப்படுவதற்கு எதையும் இழக்க வேண்டியதில்லை. ஊரில் பெயர், உறவினரின் முகம், கலியாண வீட்டில் யார் வருவார்கள் என்ற கணக்கு, எல்லாம் புத்தகத்துக்கு வெளியே பத்திரமாக இருக்கின்றன. வாசித்து முடித்ததும் நல்லவராகிவிட்ட உணர்வு மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே புனைவு குணத்தைத் திருத்தும் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்ல மாட்டேன். அதனால் முடிவது இதைவிடச் சிறியது: 'எனக்குத் தெரியாது' என்ற சாட்டை அது பறித்துவிடுகிறது. 'பஞ்சமர்' வாசிக்கப்பட்ட வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தால், கேட்டவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அலுமாரியில் இருக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, "இதில் யாருடைய பக்கம் நின்று வாசித்தீர்கள், அப்பா?" என்று பிள்ளை கேட்கலாம்.