அரக்கோணத்துப் பையன் மைக் பிடித்தால்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியதை நேரில் பார்க்காதவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய படை அது. கானாக்காரர்கள், ராப்காரர்கள், கிடார், டிரம்ஸ், சட்டி, பறை எல்லாம் ஒரே மேடையில். அம்மாடி, என்ன சத்தம்!

அதுவரை எங்கள் வேலூர்ப் பக்கம் ராக் என்றால் விஐடி கல்லூரியின் ரிவியரா விழாதான். கறுப்பு டி-ஷர்ட், ஆங்கிலப் பாட்டு, தலையாட்டல். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாடுகிறவனுக்கு யார்மேல் கோபம் என்று கடைசிவரை விளங்காது. இங்கே முதல் பாட்டிலேயே விளங்கிவிட்டது. இடஒதுக்கீடு, மலக்குழி, ஆணவக்கொலை என்று எல்லாமே நம் தெருச் சங்கதி. பெயரே அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது என்றால் சும்மாவா!

அதிலும் பறை! ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிக்காரர்களுக்குத் தோல் புதிதல்ல. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று உழைத்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்ன ஊர்களும் உண்டு, அவர்கள் பதனிட்ட தோலில் தைத்த ஷூவை ஆசையாகப் போட்டுக்கொண்டே. அந்தத் தோல் பறையாகி, எலெக்ட்ரிக் கிடாருக்குச் சரிசமமாக, சொல்லப்போனால் ஒரு படி மேலே நின்று அதிர்ந்தபோது நான் ஆடிய ஆட்டத்தை வீட்டில் சொல்லவில்லை.

மாட்டுக்கறிக்கும் இவர்களிடம் ஒரு பாட்டு உண்டு. 2022-ல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை கிளம்பி, கடைசியில் மழையைச் சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தபோது, எங்கள் ஊருக்கென்றே முன்கூட்டி எழுதிவைத்தார்களோ என்று தோன்றியது.

குழுவில் பாடிய இசைவாணியைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆண்களே கோலோச்சிய கானாவில் ஒரு பெண் குரலெடுத்தார். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

ஆனால் என் ஆள் குழுவில் ராப் பாடிய அறிவுதான். அரக்கோணம்! அப்போது அது எங்கள் வேலூர் மாவட்டம். 2019-ல் ராணிப்பேட்டையோடு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மாவட்டத்தைப் பிரித்துக்கொள்ளட்டும், அறிவை விட்டுக்கொடுக்க மாட்டோம். அதே ஆண்டு ‘தெருக்குரல்’ ஆல்பம் வந்தது. சினிமா இல்லை, ஹீரோ இல்லை, பாட்டு மட்டும்தான். 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட பாட்டி வள்ளியம்மாளின் கதையை அதற்குள் வைத்துப் பாடினார் பேரன். 2024-ல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று அவர் பெயரிலேயே ஓர் ஆல்பம்.

புதிதாகக் கேட்கிறவர்கள் ‘தெருக்குரலி’ல் தொடங்குங்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஆம்பூரில் ஏறி, அரக்கோணம் வருவதற்குள் முழு ஆல்பத்தையும் கேட்டுவிடலாம். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் ஒரு இயர்போனை அவரிடம் நீட்டுங்கள்.